போடிமெட்டில் ஒரு சீனப் பரீட்சை

சீனாவில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இங்கிலீஷ் பரீட்சை வைத்தேன் என்றால் நம்புவீர்களா?

நம்ப மாட்டீர்கள். என் வீட்டுக்காரரே நம்பவில்லை. "போடியில இருக்கற பிள்ளைகளுக்கு வச்சது பத்தாதா?" என்றார்.

ஆனால் நடந்தது. அதுவும் போன மாதம்தான்.

என் தங்கை வசந்தியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேனா? இல்லை என்று நினைக்கிறேன். அவள் கணவருக்கு சீனாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. கூடப் போனவள் சும்மா இருப்பாளா? அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். நானும் இங்கிலீஷ் டீச்சர்தான், போடியில். இருபத்தாறு வருஷமாக. இங்கிலாந்துக்குத்தான் எங்கள் குடும்பத்திலிருந்து இன்னும் யாரும் போகவில்லை.

ஒரு நாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து போன் செய்தாள்.

"அக்கா, உன் குரல் வேணும்."

"அதான் இப்பக் கேக்குறியேடி."

"எனக்கில்ல. பிள்ளைகளுக்கு."

விஷயம் இதுதான். அங்கே பள்ளிப் படிப்பு முடியும்போது ஒரு பெரிய பரீட்சை. வாழ்க்கையே அதில்தான் என்கிற அளவுக்குப் பெரியது. இங்கிலீஷ் தாளில் ஒரு பகுதி முழுக்கக் காதுக்கு. ஸ்பீக்கரில் ஓர் ஆணும் பெண்ணும் பேசுவார்கள். பிள்ளைகள் கேட்டுவிட்டு மூன்று பதில்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும். சின்ன உரையாடல் என்றால் ஒரே ஒரு தடவைதான் ஓடும். தும்மினால் போச்சு! அந்த நேரத்தில் பரீட்சை நடக்கிற பள்ளிக்குப் பக்கத்து ரோட்டில் ஹார்ன் அடிக்கக்கூடாதாம்.

நம் ஊரில்? போடிமெட்டு மலை ரோட்டில் ஹார்ன் அடிக்காமல் வளைவு திரும்பினால், பரீட்சைக்கே போய்ச் சேர முடியாது.

அந்தப் பெரிய பரீட்சைக்கு முன்னால் வசந்தியின் பள்ளியில் மாதிரித் தேர்வுகள் வைப்பார்கள். எப்போதும் அமெரிக்கக் குரல், இல்லாவிட்டால் லண்டன் குரல். இவள் மீட்டிங்கில் எழுந்து, "நாளைக்கு இந்தப் பிள்ளைகள் உலகம் பூராவும் பேசப்போகுது. இந்தியக் குரலும் கேட்டுப் பழகட்டுமே" என்று சொல்லியிருக்கிறாள். துறைத் தலைவி அம்மாவுக்கு அரை மனசு. 'சரி, ஒரே ஒரு தடவை' என்றிருக்கிறார்.

"அக்கா, சொதப்பிராத. அடுத்த மாசம் என் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கணும். அந்தம்மாதான் கையெழுத்துப் போடணும்."

எனக்கா பயம்? இலக்கணம் சுத்தம். உச்சரிப்பு சுத்தம். மாவட்ட அளவில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போனவள் நான். "அனுப்புடி" என்றேன்.

முழு வினாத்தாளையும் அனுப்பினாள். படித்துப் பதில் எழுதும் பகுதியும் அதில் இருந்தது. ஆசை யாரை விட்டது? சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து நானே எழுதிப் பார்த்தேன். பதினைந்துக்குப் பதினொன்று!

ஒரு கேள்வி: 'ஆசிரியர் இந்தக் கட்டுரையை எதற்காக எழுதினார்?' நான் 'வாசகரை மகிழ்விக்க' என்று குறித்தேன். தப்பாம். 'தகவல் தெரிவிக்க' என்பதுதான் சரியாம். போனில் அரைமணி நேரம் சண்டை போட்டேன். வாராவாரம் எழுதுகிற எனக்கே எதற்காக எழுதுகிறேன் என்று தெரிவதில்லை... பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அது கிடக்கட்டும். ரெக்கார்டிங்குக்கு வருவோம்.

ஆண் குரலுக்கு எங்கள் பள்ளிக் கணக்கு சார் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை என் வீட்டு முன்னறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். நான் இனிமையாக, "வாட் வுட் யூ லைக் டு டிரிங்க்?" என்று கேட்டேன். கணக்கு சார் வாயைத் திறப்பதற்குள் தெருவிலிருந்து பதில் வந்தது.

"பழைய இரும்பு, ஈயம், பித்தளை..."

அந்த ஆட்டோ போனதும் பக்கத்து வீட்டு மிக்ஸி. மிக்ஸி நின்றதும் எங்கள் வீட்டுக் குக்கர். ஒரு வரிகூடத் தேறவில்லை. திங்கட்கிழமை காலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

அப்போதுதான் வீட்டுக்காரருக்கு யோசனை வந்தது. அவருடைய சித்தப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. அங்கே காய் உலர்த்துகிற ஸ்டோரில் சுவர் கனம். மூட்டைகள் வேறு அடுக்கியிருக்கும். "ஞாயித்துக்கிழமை ஆளும் வராது. கதவைச் சாத்துனா இடி இடிச்சாலும் கேக்காது" என்றார்.

ஞாயிறு காலை முருகேசண்ணன் ஜீப்பில் கிளம்பினேன். போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். தினமும் போடியிலிருந்து தோட்டத்து ஆட்களை மேலே ஏற்றிப்போவது அவர் சோலி. அதற்கு முன்னால் பல வருஷம் மூணாறில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வண்டி ஓட்டியவர். கணக்கு சார் பைக்கில் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு.

போடிமெட்டு ஏறியதும் போனில் டவர் வந்தது. கூடவே ஒரு மெசேஜும் வந்தது. 'டீச்சர், தொண்டை கட்டிவிட்டது. மன்னிக்கவும்.'

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திரும்பிப் போய் வேறு ஆள் பிடிக்க நேரமில்லை. சுற்றிப் பார்த்தேன். மலை இருந்தது. மூடுபனி இருந்தது. ஆண் என்று முருகேசண்ணன் ஒருத்தர்தான் இருந்தார்.

"அண்ணே... இங்கிலீஷ் பேசுவீங்கள்ல?"

"பேசுவேன் டீச்சர். படிக்கத்தான் வராது. காதுல விழுந்தது வாயில வரும், அம்புட்டுத்தான்."

வேறு வழி?

ஸ்டோருக்குள் முந்தின நாள் காய் உலர்த்திய சூடு இன்னும் இறங்கவில்லை. கதவைச் சாத்தினோம். ஏலக்காய் மூட்டைமேல் போனை வைத்தேன். நான் ஒரு வரியைச் சொல்ல வேண்டியது, அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியது. இடையில் நான் சொன்னதை வசந்தி வெட்டிக்கொள்வாள். இதுதான் திட்டம்.

முதல் வரியிலேயே வண்டி நின்றது. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் த மியூசியம் இஸ் க்ளோஸ்ட் ஆன் மண்டேஸ்.'

"ஏன் டீச்சர், மியூசியத்தப் பூட்டுனதுக்கு இவன் எதுக்குப் பயப்படுறான்?"

"பயமில்லண்ணே. மரியாதைக்குச் சொல்றது."

"அப்ப 'சாரி'ன்னு சொல்லிட்டு வெரசாப் போயிறலாம்ல?"

விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். சொல்லும்போது மட்டும், "சாரி. மியூசியம்... மண்டே... க்ளோஸ்" என்றார். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதேதான். இன்னும் கொஞ்சம் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் தெளிவாக.

"அண்ணே, எழுதியிருக்கறத மாத்தக்கூடாது."

"டீச்சர், நீங்க சொல்றது நீளமா இருக்கு. சின்னப் பிள்ளைக, பாவம்... முழுங்கறதுக்குள்ள அடுத்த வாய் ஊட்டுறீங்க."

இந்த வேகத்தில் போனால் திங்கட்கிழமை அல்ல, தீபாவளிக்கும் முடியாது. கடைசியில் அவர் போக்குக்கே விட்டேன். அர்த்தம் மாறாமல் இருந்தால் போதும் என்று கும்பிட்டுக்கொண்டேன். என் வரிகளை மட்டும் எழுதியது எழுதியபடி, கமா பிசகாமல், கணீரென்று வாசித்தேன். வியர்வை முதுகில் வழிந்தது.

நடுவில் தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன். "எப்படிண்ணே இங்கிலீஷ் பழகுனீங்க?"

"அது ஒரு கத டீச்சர். வண்டி எடுத்த புதுசுல ஒரு வெள்ளைக்காரம்மாவ ஏத்திட்டு வர்றேன். பின்னாடி இருந்து 'வுட் யூ மைண்ட்... வுட் யூ மைண்ட்'னு என்னமோ சொல்லிட்டே வந்துச்சு. நான் நம்ம ஊரப் பாராட்டுதுன்னு நெனச்சு, 'தேங்க்யூ, தேங்க்யூ'ன்னு இன்னும் வேகமா ஓட்டுறேன். அஞ்சாவது வளைவுல அந்தம்மா என் சட்டை மேலயே வாந்தி எடுத்துருச்சு. மெதுவாப் போன்னு சொல்லியிருக்கு!"

நான் சிரித்த சிரிப்பில் மூட்டைமேல் இருந்த போன் கீழே விழுந்தது.

"அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன் டீச்சர். புரியலேன்னா தலையாட்டக் கூடாது. நாம பேசுனாலும் அவுகளுக்குப் புரியிறவரைக்கும் விடக் கூடாது."

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. கடைசி வரி சொன்னதும், "மதி டீச்சர், மதி" என்று எழுந்துவிட்டார். மலையில் வேலை பார்ப்பவர்களுக்குப் 'போதும்' என்பது மலையாளத்தில்தான் வரும்.

இறங்கும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. என் பகுதி பிரமாதம். அந்த மனிதர் பகுதிதான்... இலக்கணம் இல்லை, 'இஸ்' இல்லை, 'த' இல்லை. தங்கை வேலை என்னாகும்? வீட்டுக்கு வந்ததும் அனுப்பிவிட்டு, கூடவே ஒரு மன்னிப்பும் எழுதினேன். 'ஆண் குரல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கடைசி நேரத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை.'

அவள், 'வேற வழி இல்லக்கா, மாத்த நேரமில்ல. அவர் சொன்னபடியே போட்டுர்றேன்' என்று பதில் போட்டாள். அப்புறம் பத்து நாள் பேச்சே இல்லை. பத்து நாளும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பதினோராம் நாள் போன் செய்தாள்.

"அக்கா, ரிசல்ட் வந்துருச்சு."

"சொல்லுடி. அந்த ஆம்பளை வரிகள்ல எத்தனை போச்சு?"

"அதுல ஒண்ணும் போகல."

"என்னது?"

பத்துக் கேள்வி. ஐந்துக்கு விடை ஆண் பேசுவதில் இருக்கும். ஐந்துக்குப் பெண் பேசுவதில். ஆண் குரல் கேள்விகளுக்கு ஏறக்குறைய வகுப்பே சரியாக எழுதியிருக்கிறது. பெண் குரலில்தான் பாதி வகுப்பு கவிழ்ந்துவிட்டது.

"என் குரல்லயா?"

"ஏழாவது கேள்வி ஞாபகம் இருக்கா? 'அந்தப் பெண்ணின் மனநிலை என்ன?' சந்தோஷமா, கவலையா, கோபமா..."

"சந்தோஷம்! நண்பனுக்குப் பரிசு கிடைச்சதுக்கு வாழ்த்துச் சொல்றா."

"முக்கால்வாசிப் பிள்ளைக 'கோபம்'னு போட்ருக்குதுக்கா."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"ஒரு பிள்ளை எழுந்து, 'அந்தப் பெண் ஏன் அவரைத் திட்டுகிறார்?'னே கேட்டுருச்சு."

"காண்ட்ராக்ட் என்னடி ஆச்சு? அதச் சொல்லு மொதல்ல."

"கையெழுத்துப் போட்டாச்சு! எங்க தலைவியம்மாவுக்கு அந்த அண்ணன் குரல் ரொம்பப் புடிச்சுப்போச்சு. அவர் முறைப்படி ட்ரெயினிங் எடுத்தவரான்னு கேக்குறாங்க. பிள்ளைககிட்ட கருத்து கேட்டோம், என்ன எழுதியிருக்குதுக தெரியுமா? 'அந்த ஆண் எங்களுக்குப் புரியும்வரை காத்திருக்கிறார்'னு. அடுத்த டெஸ்டுக்கும் அவரே வேணுமாம்."

"நான்?"

"நீ... அவருக்கு வரி எடுத்துக்குடுக்க வரணும்ல அக்கா."

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் முருகேசண்ணனைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். பொறாமையை விழுங்கிக்கொண்டுதான் சொன்னேன். மனிதர் வெட்கப்பட்டார்.

"அட போங்க டீச்சர். சீனாக்காரவுக கேட்டாகளா?"

"அதென்னண்ணே வித்தை?"

"வித்தை ஒண்ணுமில்ல. வண்டியில கண்ணாடி இருக்குல்ல, பின்னாடி பாக்குறது? ஒரு வார்த்தை சொல்லிட்டு அதுல அவுக மொகத்தப் பாப்பேன். புரிஞ்சிருந்தா அடுத்த வார்த்தை. புரியலையா, அதே வார்த்தை. அன்னைக்கு ஸ்டோர்ல கண்ணாடி இல்ல, அதான் ஒங்க மொகத்தப் பாத்தே பேசுனேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எதைப் பார்த்தேன்? பேப்பரை.

வீட்டுக்கு வந்து அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டேன். முதல் தடவையாக என் இங்கிலீஷை நானே காதால் கேட்கிறேன். கன்கிராஜுலேஷன்ஸ் என்று நான் சொன்னது, 'வெளியே போ' என்று சொன்னமாதிரிதான் இருந்தது. சீனப் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. இருபத்தாறு வருஷம் என் வகுப்பில் உட்கார்ந்த போடிப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு மூன்று பதில் கொடுத்து யாரும் டிக் செய்யச் சொல்லவில்லை. அதனால் நான் தப்பித்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பு. பாடத்தை எடுத்தேன். ஒரு வரி வாசித்தேன், நிறுத்தினேன், முகங்களைப் பார்த்தேன். புரியாத முகங்களுக்கு அதே வரியை மறுபடி வாசித்தேன். அரைப் பக்கம்தான் நடந்தது.

மணி அடிக்கப்போகும் நேரம், கடைசி பெஞ்சு கவிதா தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"டீச்சர், ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன்டா?"

"இல்ல டீச்சர்... இன்னைக்கு எல்லாம் புரியுது. அதான்."