தண்ணீருக்குள் திரும்புதல்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு முதுகுவலி வந்தது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. நீந்தினால் சரியாகும் என்றார் டாக்டர். முப்பது வயதைத் தாண்டி நான் நீச்சல் கற்றது அப்படித்தான். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு நீச்சல் குளம். காலையில் பெண்களுக்கென்று தனி நேரம். என் நாத்தனார், கணவரின் தங்கை, துணைக்கு வருவாள். கல்லூரியில் படித்தபோது போட்டிகளில் நீந்தியவள்.

நான் சுவர் வரை போய், விளிம்பைப் பிடித்து, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்புவேன். அவள் சுவருக்கு முன்னால் தண்ணீருக்குள்ளேயே ஒரு குட்டிக்கரணம் அடித்து, சுவரைக் காலால் உதைத்து, நிற்காமல் திரும்பிவிடுவாள். ஃப்ளிப் டர்ன் என்பார்கள். பார்க்க ஆசையாக இருந்தது. எனக்கும் சொல்லிக்கொடு என்றேன்.

“தலையை உள்ள விட்டு உருளுங்க அண்ணி. மூக்கால காத்தை விட்டுக்கிட்டே இருக்கணும், அவ்ளோதான்.”

ஆழம் குறைந்த பக்கத்தில் பழகினேன். பாதி உருண்டதுமே மூக்கில் தண்ணீர் ஏறி, நெற்றிக்குள் மிளகாய்த்தூள் போட்டதுபோல் எரியும். ஆனாலும் காலை ஊன்றினால் தரை இருந்தது. சில வாரங்களில் ஓரளவு வந்துவிட்டது என்று நம்பினேன்.

டிசம்பரில் ஒரு மூட்டமான காலை. ஆழமான பக்கத்துச் சுவரில் முதல் தடவையாக உருண்டேன். கோணலாகப் போயிருக்க வேண்டும். காலை நீட்டினால் சுவர் இல்லை. கண்ணைத் திறந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் பச்சை. மேலே என்று தோன்றிய பக்கம் வேகமாக நீந்தினேன். விரல் நுனி டைல்ஸில் இடித்தது. அது குளத்தின் தரை.

மூச்சு தீர்ந்திருந்தது. கத்த வாயைத் திறந்தேன். அதற்கப்புறம் நாத்தனார் என் தோளைப் பிடித்து இழுத்து விளிம்பில் சாய்த்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த கன்னடக்கார அம்மா ஒருவர் “ஏனாய்த்து, ஏனாய்த்து?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன ஆச்சு என்று சொல்ல இருமல் விடவில்லை.

ஜலதோஷம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போவதை நிறுத்தினேன். ஆனால் பயம் வீட்டுக்குள்ளும் வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூட முடியவில்லை. மூடினால் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போய்விடும்போல் இருந்தது. சோப்பு நுரையில் கண் எரிய எரிய, விழித்தபடியே குளித்தேன். ஆபீஸ் லிஃப்ட் கீழே இறங்கும்போது பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். சமையலறையில் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது கேட்டாள்.

“ஜலதோஷம் இல்ல. பயந்துட்டீங்க, இல்லையா?”

“ஆமாம்மா. உனக்கு அது புரியாது.”

அவள் அடுப்பைத் தணித்தாள். “எனக்கும் ஆயிருக்கு அண்ணி. ஒரு போட்டியில. அதோட நீச்சலையே விட்டேன். உங்ககூட வர ஆரம்பிச்சப்பதான் திரும்ப தண்ணியில இறங்கினேன்.”

“அப்புறம் எப்படி டர்ன் பண்றே?”

“பயந்துக்கிட்டேதான் பண்றேன். குமிழி எந்தப் பக்கம் போகுதுன்னு பாப்பேன். அது எப்பவும் மேலதான் போகும்.”

அடுத்த வாரம் போனேன். ஆழமான பக்கத்தில் அவள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரோரம் தண்ணீருக்குள் மூழ்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் வரைந்திருந்த கறுப்புக் கோடு முடிகிற இடம் நெருங்க நெருங்க, இதயம் காதுக்குள் அடித்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்த அதே நொடியில் உருண்டேன். மூக்கிலிருந்து கிளம்பிய குமிழிகள் முகத்தைத் தாண்டி ஏறின. பாதம் சுவரில் பட்டது, ஜில்லென்று. உதைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் நீந்தி வந்து என் கைமேல் கை வைத்தாள்.

“நடுங்குறீங்க அண்ணி.”

“நீயும்தான்,” என்றேன். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அதன்பிறகு பல வருடம் நீந்தினேன். முதுகுவலி போய்விட்டது. சுவர் நெருங்கும்போது அடிவயிறு இறுகுவது மட்டும் போகவில்லை. பாதம் சுவரைத் தொட்ட பிறகுதான் அது தளரும்.