ஆறடி நாலங்குலத்துக்கு ஒரு சீட்

எல்லோரும் காரைக் கண்ணால் பார்த்து வாங்குகிறார்கள். அதில் உட்கார முடியவில்லை என்று முதுகும் முழங்காலும் சொன்ன பிறகுதான் என்னைப் போன்ற சீட் வேலைக்காரனைத் தேடி வருகிறார்கள்.

என் பட்டறை திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு சாலையில் இருக்கிறது. கார் சீட்டுக்கு உறை தைப்பது, பஞ்சு மாற்றுவது, ஆடுகிற சீட்டை இறுக்கிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. ஆனால் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு ஒரு வேலை. நெட்டையானவர்களுக்கு ஏற்றபடி சீட்டைக் கீழே இறக்கிக் கொடுப்பேன். நானே ஆறடி ரெண்டங்குலம் என்பதால் அந்த அவஸ்தை எனக்குத் தெரியும்.

ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மினி பஸ்ஸில் கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றிருப்பீர்கள். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் கடைசி வரிசையைத் தவிர வேறு வரிசையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். "மேல மழை பெய்யுதா?" என்று கேட்டவர்களிடம் நூறாவது தடவையாகச் சிரித்து வைத்திருப்பீர்கள். கொடைக்கானல் பக்கம் தரையோடு தரையாகச் சீறிப் போகிற ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து, இந்த ஜென்மத்தில் நமக்கு இல்லை என்று பெருமூச்சும் விட்டிருப்பீர்கள். நானும் விட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தது ஒரு மொபெட். அதிலும் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும்.

டீச்சரின் கேள்வி

வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். வாலிபால் கோச். கிட்டத்தட்ட ஆறடி. அவர் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது சின்னக் கார்தான். பக்கவாட்டில் ரெண்டு கோடு போட்டு, பின்னால் ஒரு இறக்கை வைத்து அதை ஸ்போர்ட்ஸ் மாடல் என்று விற்றிருந்தார்கள். டீச்சர் உட்கார்ந்தால் ஸ்டீயரிங் ரெண்டு முழங்காலுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இடது பக்கம் திருப்ப வேண்டுமென்றால் இடது காலை ஒதுக்கி வழிவிட வேண்டும்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காரைத் தொடுவதற்கு முன்னால் ஆளை அளப்பேன்.  ஆளைத் தரையில் காலை மடக்கி, சுவரை ஒட்டி நிமிர்ந்து உட்கார வைத்து, உச்சந்தலைக்கு நேராகச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு, முட்டிக்கு நேராக ஒரு கோடு. பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து. அந்தச் சுவர்தான் என் கணக்குப் புத்தகம். டீச்சர் பள்ளி விட்டு சாயங்காலம் வந்ததால் அப்போது கோடு போட்டேன், சீட்டைப் பின்னால் தள்ளி இறக்கிக் கொடுத்தேன், நன்றாக அமைந்துவிட்டது. கிளம்பும்போது சுவரைத் திரும்பிப் பார்த்து அவர் ஒன்று கேட்டார். நெட்டையர்கள் பேசிக்கொள்கிற பேச்சுதானே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"எங்க புள்ளைகளை செலக்‌ஷனுக்கு ஹைட் அளக்கக் கூட்டிட்டுப் போனா விடியக்காலையிலயே போயிருவோம் சார், அதுவரைக்கும் வேன்ல படுக்கத்தான் வச்சிருப்போம், உங்க செவுத்துக்கு மட்டும் எப்ப வந்தாலும் பரவாயில்லையா?"

போட்டோவில் உட்கார்ந்தவர்

துரைப்பாண்டி நிலக்கோட்டையில் மல்லிகைப்பூ வியாபாரி. ஆறடி நாலங்குலம். பூ மூட்டைகளை வேனில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிறவர். ஒரு நாள் சாயங்காலம் அவர் என் பட்டறைக்கு வந்தது வேனில் இல்லை. ரெண்டே பேர் உட்காரக்கூடிய, என் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில். கூரையில் தலை இடிக்கிறதென்று கழுத்தை வலது தோளில் சாய்த்தபடியே ஓட்டி வந்திருந்தார். வழியில் டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டி, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுகிறீர்களா என்று கேட்டாராம். போன் பையில்தான் இருக்கிறது, கழுத்துதான் இப்படி என்று இறங்கிக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

இறங்குவதும் லேசில்லை. ரெண்டு கையையும் வெளியே தரையில் ஊன்றி, ஒரு காலை எடுத்து, அப்புறம் தலையை உருவி, கடைசியில் மிச்சத்தையும் இழுக்க வேண்டும். வேட்டி கட்டியவருக்கு இது எவ்வளவு சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை. மறுபக்கக் கதவைத் திறந்து அவர் மனைவி செல்வராணி சேலை கசங்காமல் இறங்கினார். அவர் ஐந்தடி இருந்தால் அதிகம். அவருக்கென்றே செய்த கார் மாதிரி இருந்தது.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு காலண்டரில் சிவப்புக் காரைப் பார்த்தாராம் துரைப்பாண்டி. அன்றிலிருந்து பிடித்த பைத்தியம். கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழைய வண்டி ஒன்று இருப்பதாகத் தெரிந்ததும் ஓடிப் போய் வாங்கிவிட்டார். வாங்கும்போது உட்கார்ந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம், சந்தோஷத்தில் தலை இடித்தது தெரியவில்லையாம். எனக்கு அந்த மனுஷனை அப்போதே பிடித்துவிட்டது. என் கூட்டாளி முத்துக்காளை வெல்டிங் வேலைக்காரர், ஐந்தடி ஒரு அங்குலம். அவர் சிவப்புக் காரையும் துரைப்பாண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது முடிகிற காரியமில்லை என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். செல்வராணி அதைக் கவனித்துவிட்டார்.

"இவரை அடக்க முடியாதுன்னு யாரு சொன்னா, எங்க கல்யாண போட்டோவுல நான் நிக்கிறேன், இவரு உக்காந்திருக்காரு, ரெண்டு பேரு தலையும் ஒரே மட்டம்ணே!"

சந்தன வட்டம்

நெட்டையருக்கு ஸ்போர்ட்ஸ் காரில் சீட் அமைப்பது ஒரு தீராத வழக்கு. சீட்டை இறக்கினால் முட்டி மேலே வந்து ஸ்டீயரிங்கில் இடிக்கும். முட்டிக்காகச் சாய்த்தால் ரோடு தெரியாது, மேகம்தான் தெரியும். நாங்கள் பஞ்சை எடுத்துவிட்டுப் பாய் கனத்துக்கு ஒரு ரப்பரை வைத்தோம். சீட்டுக்கு அடியில் இருந்த இரும்பு ஸ்டாண்டை முத்துக்காளை கழற்றிவிட்டு, தரைத் தகட்டோடு சேர்த்து முடுக்கினார். அதற்குக் கீழே இறக்கினால் ரோடுதான். அப்படியும் கூரை தலைமுடியை உரசியது. துரைப்பாண்டி யோசித்தார். பழனிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. மறுநாளே போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலை நிறையச் சந்தனத்தோடு சாயங்காலம் நேராகப் பட்டறைக்கு வந்தார். மொட்டைத் தலைக்கு நேராகச் சுவரில் புதுக் கோடு போட்டேன். காருக்குள் உட்கார்ந்தார். தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டை நுழைக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு போன். "இடிக்குதுண்ணே." பஞ்சு உப்பியிருக்குமோ என்று பார்த்தால், பஞ்சே இல்லையே! சாயங்காலம் கொண்டு வரச் சொன்னேன். வந்தார், உட்கார்ந்தார், இடிக்கவில்லை. அடுத்த நாள் காலை இடித்தது. சாயங்காலம் பட்டறையில் இடிக்கவில்லை. டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் பல்வலி காணாமல் போகுமே, அந்த மாதிரி. மனுஷன் ஆசை மிகுதியில் எதையோ கற்பனை செய்துகொள்கிறார் என்றுகூட நினைத்தேன். அப்போது முத்துக்காளை காருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். கூரைத் துணியில் வட்டமாக, மஞ்சளாக, பழனிச் சந்தனம் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? ஆள் பொய் சொல்லவில்லை; தலை இடித்தது உண்மைதான். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"நம்ம பட்டறைக்கு வந்தா மட்டும் இந்த வண்டி அம்புட்டு மரியாதையா நடந்துக்குதுண்ணே, வீட்டுக்குப் போனா குணத்தைக் காட்டுது" என்றார் முத்துக்காளை.

வேகத்தடையில் ஒரு நடை

ரோட்டுக் குலுக்கலில் சீட் மேலே எழும்புகிறதோ என்று ஒரு சந்தேகம். அதைப் பார்த்துவிடுவோமென்று ஒரு நாள் சாயங்காலம் துரைப்பாண்டி ஓட்ட, பக்கத்து சீட்டில் நான் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார, வத்தலக்குண்டு பக்கமாகப் போனோம். கூரை இடிக்கவில்லை. ஆனால் நம் ஊர் வேகத்தடைகள் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு அளவெடுத்துப் போட்டவை. முதல் வேகத்தடையிலேயே காரின் அடிவயிறு கரகரவென்று உரசியது. எடை குறைந்தால்தான் தாண்டும். நான் மேலே சொன்ன முறைப்படி வெளியே ஊர்ந்து இறங்கினேன். கார் மெதுவாக ஏறி இறங்கியது. நான் பின்னாலேயே நடந்து போய் மறுபடியும் ஏறிக்கொண்டேன். அடுத்த ஊர் வாசலில் மறுபடியும் அதே கூத்து. நாலாவது வேகத்தடையில் எனக்கு இடுப்பு விட்டுப்போய், ஏறாமலே காருக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். துரைப்பாண்டியும் மரியாதைக்காக என் வேகத்துக்கே ஓட்டினார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அக்கறையாக விசாரித்தார்.

"ஏப்பா, கார்ல போறீங்களா, காரைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை

சனிக்கிழமை துரைப்பாண்டி போன் செய்தார். குரலில் சுரத்தே இல்லை. காரை விற்ற கோயம்புத்தூர்க்காரரே தன் மச்சானுக்கு அதைத் திரும்பக் கேட்கிறாராம்; திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாராம். "நாளைக்குக் காலைலயும் இடிச்சா குடுத்துர்றேண்ணே. ஒன்பதாவதுல இருந்து நினைச்சது. ஆனா வாசல்ல நிறுத்திப் பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியாது" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்காக மட்டுமில்லை. ஆறடி நாலங்குலம் அந்தக் காருக்குள் அடங்கிவிட்டால், உலகத்தில் நமக்கும் ஒரு இடம் இருக்கிறதென்று ஆகிவிடும் என எனக்குள் ஒரு கிறுக்கு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானே நிலக்கோட்டைக்குப் போனேன்.

வீட்டோடு சேர்ந்த அவர் கடை வாசலில் கார் நின்றது. அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தவர் என் கண்ணெதிரே உள்ளே உட்கார்ந்தார். கூரை நங்கென்று இடித்தது. சீட்டை டேப் வைத்து அளந்தேன். பட்டறையில் அளந்ததற்கு ஒரு நூல்கூட மாறவில்லை. கார் மாறவில்லை என்றால் மாறியது என்ன? ஆளை இறக்கி, அவர் கடைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துத் தலைக்கு நேராக ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து அளந்து பார்த்தேன். என் பட்டறைச் சுவரில் இருந்த அளவைவிட அரை அங்குலத்துக்கு மேல் உயரமாக இருந்தது! அப்போதுதான் டீச்சரின் விடியக்காலை வேன் எனக்கு ஞாபகம் வந்தது. துரைப்பாண்டி எங்களிடம் வந்ததெல்லாம் நாள் முழுக்க நின்று, பூ மூட்டை தூக்கி முடித்த பிறகு, சாயங்காலத்தில். டீச்சருக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற செல்வராணிக்கும் கேட்டது.

"படுத்து எந்திரிச்சா முதுகெலும்பு நீண்டுரும், பகல் பூரா நின்னா அமுங்கிரும், சாயங்காலம் அளந்த ஆளைக் காலைல உள்ள திணிச்சா எப்படி சார் போவாரு?"

மாலை ஐந்தரை

அன்றைக்கு நான் ஊருக்குத் திரும்பவில்லை. துரைப்பாண்டி வழக்கம்போல வியாபாரம் பார்த்தார். ஐந்தரை மணிக்கு அவரை அதே சுவரில் மறுபடியும் உட்கார வைத்தேன். காலையில் போட்ட கோடு சுண்டுவிரல் அகலத்துக்கு மேலே நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவர் நேராகக் காருக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இடிக்கவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே கோயம்புத்தூருக்கு போன் செய்து, கார் விற்பதற்கில்லை என்றார்.  வெளியே நின்ற எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

ஊரைச் சுற்றி ஒரு நடை போய் வந்தவர், இறங்கிச் சாவியை என் கையில் வைத்தார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கண்ணே." நான் வேண்டாமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் கால் உள்ளே போய்விட்டது. என் கையால் இறக்கிய சீட். எனக்கு ரெண்டங்குலம் இடம் மிச்சமே இருந்தது. நிலக்கோட்டையைத் தாண்டி, பூந்தோட்டங்களுக்கு நடுவே, முதல் வேகத்தடை வரைக்கும் போனேன். இத்தனை வருஷம் அடுத்தவர்களை உட்கார வைத்தே பார்த்த எனக்கு, உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வந்து, தரையில் கையை ஊன்றி எழுந்து நின்று, காலையில் மட்டும் இந்தக் காரை எடுக்க முடியாதே, அதற்கு என்னிடம் மருந்தில்லையே என்று செல்வராணியிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னேன். அவர் கட்டிக்கொண்டிருந்த சரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலைலதான் பூவேத்த வேன் இருக்குல்லண்ணே, மல்லி சாயங்காலந்தான் விரியும், இவரு சாயங்காலந்தான் சுருங்குவாரு, பொருத்தம் சரியாத்தான இருக்கு!"

இப்போதெல்லாம் என் பட்டறையில் காலை எட்டு மணிக்கு மேல் யாரையும் அளப்பதில்லை. ஆனாலும் என் இனத்து நெட்டையர்களே, கனவில் பார்த்த காருக்குள் தலை இடித்தால் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள், ஒரு நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள்.