பொயிலருக்குப் பின்னால ஒரு பரோலோ

வாய்க்குள்ள விட்டதை விழுங்காமல் துப்புறதுக்குச் சம்பளம் குடுக்கிற தொழிலும் உலகத்தில இருக்கு. சிரியாதேங்கோ! நீங்கள் எல்லாரும் டென்மார்க்குக்கு வந்து ஹேர்னிங்கில தையல் மெசினோடயும் பிராண்டேயில இரும்போடயும் மாரடிச்ச காலத்தில, டெனிஷ் பள்ளிக்கூடத்தை ஆறே மாசத்தில விட்டிட்டு ஓடின நான், ஹொல்ஸ்டெப்ரோவில ஒரு வைன் கடையின்ர நிலவறைக்குள்ள இத்தாலிச் சிவப்பு வைன் போத்திலுகளை அடுக்கிக்கொண்டு இருந்தனான். உங்களுக்கு முதுகு நொந்தது. எனக்குத் தலை.

வாளி

புது வைன் வந்தால் முதலாளி பௌல் எங்களை நிக்கவைச்சு ருசி பாக்கப் பழக்குவார். மணந்து, வாய்க்குள்ள உருட்டி, வாளிக்குள்ள துப்பவேணும். என்னை அங்க சேர்த்துவிட்ட யோகன் அண்ணை பைப் தண்ணி மாதிரி நேராத் துப்புவார். எனக்கு மனம் வராது. இவ்வளவு விலைச் சாமானை ஆராவது துப்புவினமோ? முதல் நாளே பன்னிரண்டு போத்தில், பன்னிரண்டு வாய். கடைசிக்கு "அருமை, அருமை" எண்டு டெனிஷில சொல்லிக்கொண்டே அப்பிடியே நிலத்தில இருந்திட்டன். பௌல் வாளியை எட்டிப் பாத்திட்டு அண்ணையிட்டச் சொன்னார்: "உன்ர பெடியன் இண்டைக்கு வாளிக்கு லீவு குடுத்திட்டான்."

சுருட்டு

ஒரு நாள் பௌல் பரோலோ எண்ட இத்தாலி வைனை ஊத்தி, என்ன மணக்குது எண்டு கேட்டார். வந்திருந்த வாடிக்கையாளர் ரோசாப்பூ, செரிப்பழம் எண்டு அடுக்கினவை. எனக்குச் செரிப்பழத்தை டின்னுக்குள்ளதான் தெரியும். "யாழ்ப்பாணச் சுருட்டு, அதுவும் புதுசாத் தார் ஊத்தின றோட்டில நிண்டு பத்தினது" எண்டன், பகிடிக்குத்தான். பௌல் கண்ணை மூடி மணந்து, தலையாட்டி, விலைப்பட்டியலில அப்பிடியே எழுதிப்போட்டார். அடுத்த கிழமை ஒரு பல் டொக்டர் அதை வாசிச்சிட்டு வந்து ஆறு போத்தில் வாங்கினார். போகேக்க என்னை ஒரு பக்கமாக் கூப்பிட்டுக் கேட்டார்: "வைன் கிடக்கட்டும், அந்தச் சுருட்டு உன்னட்ட இருக்கோ?"

பத்து வருசம்

அண்ணையின்ர மனிசி வசந்தி அக்கா ஊரில. அவவைக் கூப்பிட அண்ணை விண்ணப்பம் போட்டு ரெண்டு வருசம். குடும்பத்தைக் கூப்பிட எங்கட ஆக்கள் போட்ட விண்ணப்பங்களை டெனிஷ் நீதி அமைச்சு தூக்கி ஒரு மூலையில போட்டிருந்த காலம் அது. பிறகு பேப்பருகளில நாறினது உங்களுக்குத் தெரியும்தானே. ஒவ்வொரு நாளும் தபால்காரன் வந்து போனால், அண்ணை வெறும் தபால் பெட்டிக்குள்ள இன்னொருக்காக் கைவிட்டுத் துழாவுவார்.

பௌலுக்கு அதைப் பாக்கப் பொறுக்கேல்லை. நல்ல பரோலோ ஒண்டில அண்ணையின்ர பேரை எழுதி, "உன்ர மனிசி வாற அண்டைக்குத் திறப்பம்" எண்டு றாக்கையில படுக்கவைச்சார். ஆனா அது பதமாப் பழுக்கப் பத்து வருசம் செல்லுமாம். அண்ணை என்ர பக்கம் திரும்பித் தமிழில கேட்டார்: "பத்து வருசமோ? அமைச்சில கேட்டுக்கொண்டு வந்தோ சொல்லுறான்?"

பழுக்கப் போட்டது

எனக்கு நித்திரை இல்லை. அக்கா நாளைக்கே வந்து இறங்கினால் காய் வைனையோ குடுக்கிறது? வாழைக்குலைக்குப் புகை போட்டு ரெண்டு நாளில பழுக்க வைக்கிற ஆக்களல்லோ நாங்கள்! ஒருத்தருக்கும் சொல்லாமல் அந்தப் போத்திலை, கடையைச் சூடாக்கிற பொயிலருக்குப் பின்னால விண்டர் முழுக்க வைச்சன். பிறகு துடைச்சுப் பழைய இடத்திலயே படுக்கவைச்சன்.

இன்னும் ரெண்டு வருசத்தால அக்கா வந்தா. அண்ணை கடிதத்தில எழுதி எழுதி, அவவுக்கும் அந்தப் போத்தில் நல்ல பழக்கம். பௌல் திறந்து ஒரு வாய் குடிச்சார். முகம் ஒரு மாதிரிப் போச்சு. "அந்த வருசம் இத்தாலியில சரியான வெயில் போல" எண்டார். நான் பொயிலரைப் பாக்காமல் கூரையைப் பாத்தன். நேராத் துப்புற அண்ணை, அண்டைக்குத்தான் முதல்தரம் வாளியைத் தேடாமல் விழுங்கினார். அக்கா நுனிநாக்கில தொட்டுப் பாத்திட்டு அவரைப் பாத்துச் சொன்னா: "என்னையும் இதையும் ஒண்டாத்தானே காத்திருக்க வைச்சவை? நான்தான் பழுதாகாமல் வந்திருக்கிறன் போல."

நல்ல வைனைப் பற்றி நான் படிச்சது இவ்வளவுதான்: தன்ர பாட்டில கிடந்தால் பழுக்கும், பக்கத்தில நான் நிண்டால் புளிக்கும். பொயிலர் விசயத்தை அண்ணைக்கு நான் இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை.