சந்தியில் இறங்குகிறவன்

சண்டிலிப்பாய்க் கதிரவேலு சந்தி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். பின்னால் கத்தரிக்காய்ச் சாக்கு இருந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, உருட்டிக்கொண்டுதான் கடப்பான். சைக்கிளுக்குக் கால் வலிக்குதாக்கும் என்று தேத்தண்ணிக் கடையில் இருப்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். மனைவி அருமைநாயகியும் விடவில்லை.

"நீங்கள் சைக்கிள் ஓட்டிறியளோ, மேய்க்கிறியளோ?"

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. போரால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் தடைபட்டிருந்த காலம். ஓடிய ஒன்றிரண்டு பழைய கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் நின்றுபோன எஞ்சினை மண்ணெண்ணெய் கிளப்பாது, அதற்குச் சொட்டுப் பெற்றோல் வேண்டும். அந்தச் சொட்டுக்கு எங்கே போவது? அதனால் சாரதிகள் சந்திகளில் பிறேக்கைத் தொடுவதில்லை. ஹோர்னை அமத்திக்கொண்டு நேரே வருவார்கள். மீன்கார யாகோப்பின் கால் அப்படித்தான் போனது. கதிரவேலு அதைக் கண்ணால் கண்டவன். அடித்த கார் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம், புகையிலைத் தோட்டத்துக்குள் நின்ற அருமைநாயகியைப் பாம்பு கடித்தது. பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் போத்தலில் மிச்சமிருந்த பெற்றோல் முழுவதையும் ஊற்றித் தன் பழைய ஓஸ்ரின் காரைக் கிளப்பினான். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பாள் என்றார்கள்.

பின்சீற்றில் கதிரவேலுவின் மடியில் அவள் தலை கிடந்தது. பேச்சுக் குழறத் தொடங்கியிருந்தது. மானிப்பாய்ச் சந்தியைக் கார் வேகம் குறையாமல் கடந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனைக்கோட்டைச் சந்தி தெரிந்ததும் வாய் தன்பாட்டில் கத்திவிட்டது.

"அண்ணை, பிறேக்! சந்தி!"

யாரோ குறுக்கே வருகிறார்கள் என்று கனகலிங்கம் அழுத்திப் பிடித்தான். கார் குலுங்கி நின்றது. எஞ்சினும் நின்றது. சந்தியில் ஒரு நாய்கூட இல்லை.

"ஆரடா வந்தது?"

கதிரவேலு இறங்கிக் காரின் பின்பக்கம் போனான். தள்ளிப் பார்த்தார்கள். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. கடைசியில் கதிரவேலு சந்தியோரக் கடைக்காரனின் சைக்கிளை வாங்கி, அவளைப் பின்னால் இருத்தி, சால்வையால் தன்னோடு கட்டிக்கொண்டு உழக்கினான். எந்தச் சந்தியிலும் இறங்கவில்லை. முதுகில் பட்ட சூடு அவளுடையது என்றே நினைத்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் சால்வையை அவிழ்த்தபோதுதான் அது வெயில் என்று தெரிந்தது.

செத்தவீட்டில் கனகலிங்கம் எதையும் மறைக்கவில்லை. காருக்குள் இருந்தும் உவன் சைக்கிள்காரன்தான் என்று வாசற் படலையடியில் சொன்னான். இரண்டொருவர் சிரித்தும்விட்டார்கள். மாமியார் நாகேஸ்வரி கதிரவேலுவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அவளை மடியிலை வைச்சுக்கொண்டும் உமக்கு உம்மடை உயிர்தானோ பெரிசு?"

முப்பத்தொன்றுச் சடங்கு முடிந்து, கதிரவேலு கத்தரிக்காய்ச் சாக்கோடு சந்தைக்குப் புறப்பட்டான். ஆனைக்கோட்டைச் சந்தியில் கால் பழையபடி நிலத்தில் ஊன்றியது. உருட்டிக்கொண்டு பாதி கடக்கையில் ஹோர்ன் கேட்டது. கனகலிங்கத்தின் கார். எங்கோ சொட்டுப் பெற்றோல் கிடைத்திருக்க வேண்டும். பின்சீற்றில் யாரோ சாய்ந்து கிடப்பதுபோல் இருந்தது. தனக்காக அது வேகம் குறைத்து நின்றுவிடுமோ என்று கதிரவேலு பதறினான். சைக்கிளைச் சாக்கோடு வாய்க்காலுக்குள் தள்ளித் தானும் விழுந்தான். சிதறிய கத்தரிக்காய்களை நசித்துக்கொண்டு கார் போனது.

"போங்கோ அண்ணை," என்றான் சேற்றுக்குள் கிடந்தபடி. "நிப்பாட்டாதையுங்கோ."