ஆற்றில் விடாத கப்பல்

ஜப்பானின் எச்சிகோ கடற்கரையில் கணவாய் மீன் காயவைத்துப் பிழைக்கிறவள் தோமே. புத்தாண்டின் முதல் கனவு நல்லதாக வரட்டும் என்று, ஏழு தெய்வங்கள் ஏறிய கப்பல் படத்தை இந்த வருடமும் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுத்தாள். மற்ற வருடங்களில் நல்ல சகுனமான ஃபூஜி மலையோ பருந்தோ கத்தரிக்காயோ, ஏதாவது ஒன்று கனவில் தலைகாட்டும். இந்த முறை வந்தது, வாசலில் ஈரமாகக் கிடந்த புருஷன் கிஹெய்யின் செருப்பு மட்டும். மீன்பிடிக்கப் போன அவனுடைய படகு பத்து நாளுக்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும்.

கெட்ட கனவு கண்டால் படத்தை ஆற்றில் விட்டுவிட வேண்டும். கனவும் அதோடு போய்விடும். விடிந்ததும் தோமே ஆற்றுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு நாகா அப்போதுதான் தன் படத்தை விட்டிருந்தாள்.

"உனக்குமா? எனக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. சீக்கிரம் விடுடி, குளிருது."

நாகாவின் படம் கரையோரமாக ஆடி ஆடி நகர்ந்தது. அதற்கு முன்னால் யார் யாருடையதோ ஐந்தாறு போயின. தோமேவுக்குக் கை வரவில்லை.

"இதெல்லாம் எங்க போய்ச் சேருது, அக்கா?"

"எங்க போகும்? கடலுக்குத்தான்."

"அவரு அங்கதானே இருக்காரு."

தோமே தன் படத்தை மடித்து இடுப்புக் கச்சையில் செருகினாள். பிறகு உடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, நாகாவின் படத்தைப் பிடிக்கப் பனித்தண்ணீரில் இறங்கினாள்.