நாய்க்குப் பத்தியம் வைத்த மாதம்

எங்கள் நாய்க்குக் குட்டைக் கால், நீண்ட முதுகு. ஒன்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாதாம். ஹெவ்லொக் டவுனில் மிருக வைத்தியர் நிறுத்துப் பார்த்தபோது பதின்மூன்று காட்டியது.

"அக்கா, விலாவைத் தடவிப் பாருங்கோ. எலும்பு கைக்குத் தட்டுப்படுதே?" என்று கேட்டார்.

தட்டுப்படவில்லை. விரல் மெத்தைக்குள் போவதுபோல் கொழுப்புக்குள் போனது.

"இப்பிடியே விட்டா ஒரு நாளைக்கு எழும்ப ஏலாமப் படுத்திடும்."

அன்றே பத்தியம் தொடங்கியது. காலையில் அரைக் கப், பின்னேரம் அரைக் கப் உலர் உணவு. பசி அடங்க அவித்த போஞ்சியும் பூசணியும். சோறு, பாண், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினேன். கரண்டியை விளிம்போடு வழித்து அளந்தேன். மேல் வீட்டுப் பிள்ளைகள் படியில் நாயோடு விளையாடுகிறவர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களின் தாயிடம் போய், "ஒண்டும் குடுக்க விடாதேங்கோ" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து மறுபடி நிறுக்க வேண்டும். ஓட்டோவில் ஏற்றினால் நாய் நடுங்கும் என்பதால் வீட்டுத் தராசிலேயே பார்க்க நினைத்தேன். அது தனியே ஏறி நிற்காது. கணவரைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னேன். அவர் முதலில் மறுத்தார். "நீரே தூக்குமன்" என்றார். எனக்கு முழங்கால் நோ. பிறகு வேண்டாவெறுப்பாக ஏறினார். நான் குனிந்து பார்த்தேன். எழுபத்து நான்கரை.

"என்ர எழுபத்திரண்டைக் கழியும்" என்றார் அவசரமாக. நான்கு மாதத்துக்கு முன் அவர் வேலை செய்யும் கந்தோரில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் வந்த கணக்கு அது.

"அப்ப நாய் ரெண்டரைக் கிலோவோ?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாயை இறக்கிவிட்டு அறைக்குப் போகப் பார்த்தார்.

"நில்லுங்கோ. தனிய ஏறுங்கோ."

அறுபத்தொன்று.

தராசு பழுது என்றுதான் நினைத்தேன். அவரை இறக்கிவிட்டு நான் ஏறினேன். என் நிறையைச் சரியாகவே காட்டியது. மறுபடி அவரை ஏற்றினேன். அதே அறுபத்தொன்று. பதினொரு கிலோ. ஒரே வீட்டில், ஒரே மேசையில், என் கண் முன்னால். தொப்பை வற்றியிருக்கிறது என்று போன மாதம் நானே அவரைப் பாராட்டியிருந்தேன். வீட்டில் எப்போதும் தொளதொளத்த ரீசேட்டும் சாரமும்தான். அன்று ரீசேட்டைத் தூக்கிப் பார்த்தேன். நாயில் தேடிக் கிடைக்காத விலா எலும்புகள் அவரில் வரிசையாகத் தெரிந்தன.

"என்னப்பா இது?"

அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"விழுங்கேக்க நெஞ்சுக்குள்ள தடக்குது. மூண்டு மாசமா."

"சாப்பிடுறனீங்கள்தானே? சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாத்தானே வாறது?"

அவர் நாயைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் ரொறொன்ரோவிலிருந்து மகள் கோல் எடுப்பாள். நான் பல்கனியில் நின்று கதைப்பேன். அந்த அரை மணித்தியாலத்தில் புட்டும் இடியப்பமும் மீனும் மேசைக்குக் கீழே போயிருக்கின்றன. நான் அளந்து வைத்த பத்தியத்துக்கு மேலே, அவருடைய சாப்பாடு முழுவதும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போவீர். அவர் என்ன சொல்லுவாரோ எண்டு பயம்."

ஐம்பத்தெட்டு வயது மனிதர் இதைச் சொல்லி அழுதார். எனக்குக் கோபம் வந்தது. கத்தவும் செய்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் மெலிந்திருந்தது.

அடுத்த நாளே கூட்டிப்போனேன். தொண்டை வழியாகக் கமெரா விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு ஒன்றையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான்கு நாட்கள் நாங்கள் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை. புற்று இல்லை. பல வருட நெஞ்செரிவால் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கியிருக்கிறது என்றார்கள். இரண்டு முறை விரித்துவிட்டார்கள். இப்போது சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிறார், அறுபத்தாறுக்கு வந்திருக்கிறார். நாயும் தானாகவே பத்தரைக்கு இறங்கியது.

மேல் வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மகளிடம் காலையில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் விழுங்கும்போது தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பாக்காதையும், விக்குது" என்கிறார். ஆனாலும் பார்க்கிறேன்.