வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய வண்டி

என் முழங்கால்கள் இரண்டும் ஹேண்டில்பாரைத் தொட்ட வருஷம் அது. மொபெட்டில் உட்கார்ந்தால் வெட்டுக்கிளி மாதிரி இருந்தேன். திருப்பத்தில் திருப்பினால் கைப்பிடி முட்டியில் இடிக்கும். வண்டி திரும்பாமல் நேராகப் போய் யார் வீட்டுப் பூண்டுக் காட்டிலாவது இறங்கும். எங்கள் மலைக்கிராமமான போளூரில் சரிவில்லாத இடமும் இல்லை, பூண்டு போடாத சரிவும் இல்லை. ஆகவே நான் இறங்காத காடும் இல்லை.

பொங்கல் கழிந்ததும் கிழங்கு எடுத்து வெறுமனே கிடக்கும் காட்டில் கயிறு கட்டி வண்டிப் போட்டி வைப்பார்கள். முந்தின வருஷம் நானும் மொபெட்டில் கலந்துகொண்டேன். பரிசு கொடுத்து, கை தட்டி, ஆட்கள் டீ குடிக்கக் கலைந்த பிறகு வந்து சேர்ந்தேன். நான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது யாருக்கும் நினைவில்லை. ஓட்டத்தில் தோற்பதை ஒரு பையன் தாங்கிக்கொள்வான். தோற்றதைப் பார்க்க ஆள் இல்லாமல் போனதை எப்படித் தாங்குவான்? வரும் பொங்கலுக்கு மண்ணில் ஓட்டுகிற நிஜமான பைக் வேண்டும் என்று சாப்பாட்டை ஒதுக்கினேன். அந்தக் குளிரில் ஒருவேளைக்கு மேல் ஒதுக்க முடியவில்லை. நல்லவேளையாக அதற்குள் அப்பா இறங்கி வந்துவிட்டார்.

நாயுடுபுரத்தில் ஒரு பாய் பழைய வண்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் வண்டியையும் தன் மகனின் வண்டியையும் அவரிடம் விட்டுப் போயிருந்தார். இரண்டும் மண்ணில் ஓடவே பிறந்தவை. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், வானத்தைப் பார்த்துத் தூக்கிய மட்கார்டு. மகன் வண்டி சிவப்பு. அப்பன் வண்டி நீலம், கழுதைக்குப் பக்கத்தில் ஒட்டகம் நிற்பதுபோல நின்றது.

அப்பாவும் நானும் காலை பஸ்ஸில் கிளம்பினோம். அம்மாவும் ஏறிக்கொண்டாள். ஸ்வெட்டர் பின்ன நூல் வாங்க வேண்டும் என்றாள். கடைசிவரை நூல் வாங்கவில்லை.

பாய் என்னைச் சிவப்பில் உட்கார வைத்தார். இரண்டு பாதமும் பாந்தமாகத் தரையில் பதிந்தன. "தம்பிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குண்ணே" என்றார் அப்பாவிடம். பிறகு நீலத்தில் தூக்கி வைத்தார். என் கால்கள் இருபக்கமும் தொங்கின, கயிற்றில் காயப்போட்ட காலுறைகள்போல. பாய் சிரிக்கவில்லை. "பாதி பாதமாவது மண்ணுல ஊனணும். ஓட்டுறதுல ஒண்ணுமில்லண்ணே, நிறுத்துறதுலதான் சோலியே இருக்கு."

"அப்பச் சிவப்பே இருக்கட்டும்" என்றார் அப்பா.

"வளர்ற பிள்ளைங்க" என்றாள் அம்மா. "இன்னிக்குச் சரியா இருக்குன்னு எடுத்தா ஆடிக்குள்ள பத்தாமப் போயிரும். மூணு வருசம் முன்ன எடுத்த பேண்ட்டு இவனுக்கு முட்டியிலதான் கெடக்கு."

"அதுக்கு? கீழ மடிச்சுத் தைக்க வண்டி என்ன பேண்ட்டா?"

அப்பா இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் எல்லாமே மடித்துத் தைத்ததுதான். எனக்கு எடுக்கும் துணி எப்போதும் இரண்டு வயது மூத்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு மடிப்பை அவிழ்ப்பார்கள். சட்டை எனக்குச் சரியாகப் பொருந்துகிற நாளில் அது கிழிந்தும் போகும். இந்தச் சட்டத்தை இயற்றியவள் அம்மா. சட்டத்துக்குள் வண்டி வராது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"தள்ளுடா, எம்புட்டு உசரம்னு பாப்போம்" என்று என்னை இறக்கிவிட்டு, சேலையை ஒரு சுற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நீலத்தில் ஏறினாள்.

அம்மா உயரம். கல்யாணப் போட்டோவில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து அப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்திருப்பார்கள். அப்படியும் தலைகள் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். எங்கள் வீட்டு வாசல் நிலையில் குனிந்து குனிந்து, கூரையில்லாத காட்டில்கூடச் சற்றுக் கூனித்தான் நடப்பாள். அந்த அம்மா வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதமும் முழுசாய்த் தரையில். ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பினாள். எதிரே பழைய டயர்கள் அடுக்கிய சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் ரோடு எதுவோ போவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு..." என்று தொடங்கிய பாய், அப்பாவைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை விழுங்கிக் கை துடைத்தார்.

"இதான் இவனுக்குச் சரி" என்றாள் அம்மா. இறங்காமலே சொன்னாள்.

அப்படித்தான் ஒட்டகம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அதன் பிறகு எனக்கு ஊர் முழுவதும் கல்லாகத் தெரிந்தது. ஏறுவதற்கு ஒரு கல், இறங்குவதற்கு ஒரு கல். தண்ணீர்த் தொட்டியின் படி, கோயில் சுவர், பஸ் நிற்கும் இடத்துத் திண்டு. இவற்றுக்கு நடுவே நான் நிற்க முடியாதவன். மளிகைக் கடை முன்னால் கல் கிடையாது. ஆகவே கடையைச் சுற்றிச் சுற்றி வருவேன். ஒரு சுற்றில் சீனி என்பேன், அடுத்த சுற்றில் டீத்தூள், அதற்கடுத்த சுற்றில் கடைக்காரர் ஓடி வந்து பொட்டலத்தைக் கையில் திணிப்பார். "ஏலே, காசு?" என்பார். அதற்கு இன்னொரு சுற்று.

பொங்கலுக்குள் வளர்ந்தாக வேண்டும். கால் ஊன்றாமல் போட்டி ஓட முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பேரிக்காய் மரத்தில் தொங்கினேன். கோழியைவிட ஆவலாக அதன் முட்டைக்குக் காத்திருந்தேன். மூடுபனி இறங்கும் சாயங்காலங்களில், மலையெல்லாம் மெல்ல மெல்ல உயரம் இழந்து வெள்ளையாய்க் கரையும்போது, நான் மட்டும் வளர்வதாகத் தோன்றும். பனி விலகினால் பழைய உயரமே மிஞ்சும். எனக்கு வாய்த்தது அப்பாவின் கால் என்பது அப்போது தெரியாது. இன்றுவரை அந்த வண்டிக்கு நான் வளரவில்லை.

நான் வளரும்வரை வண்டி சும்மா நிற்கலாமா? நின்றால் துருப்பிடித்துவிடும் என்றாள் அம்மா. ஒருநாள் கியர் வரிசையை ஒப்பிக்கச் சொன்னாள். முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே, கிளட்சை வெடுக்கென விடக்கூடாது. பாய் எனக்குச் சொல்லித் தந்ததையெல்லாம் வாய்ப்பாடுபோலச் சொன்னேன். "இன்னொருக்கா சொல்லு, வெரசாப் போகாத" என்றாள். என் ஞாபகசக்தியைச் சோதிக்கிறாள் என்று நினைத்து அடுத்த தடவை இன்னும் அழகாகச் சொன்னேன்.

பிறகு வெள்ளனே எழுந்து, அப்பாவின் ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, தூக்குச்சட்டியை வண்டியில் தொங்கவிட்டு, மேட்டுக் காட்டுக்குப் பூண்டு களையெடுக்கப் போகத் தொடங்கினாள். நடந்தால் வெகுநேரம் ஆகும் வழி. ஆனாலும் முன்னைவிடத் தாமதமாகவே திரும்பினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வண்டியில் எங்கள் காட்டில் இல்லாத செம்மண் ஒட்டியிருக்கும். நான் உட்கார்ந்து துடைப்பேன். என் வண்டியல்லவா?

பொங்கல் வந்தது. போட்டிக் காட்டில் கல்லையெல்லாம் பொறுக்கித் தூர எறிந்து சுத்தம் செய்திருந்தார்கள். அம்மா ஒரு தக்காளிப் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். அதன்மேல் ஏறி வண்டியில் உட்கார்ந்தேன். விசில் ஊதும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்த வருசமும் நாளைக்குத்தான் வருவியா மாப்ள?" என்று பக்கத்து வண்டிக்காரன் கேட்டான்.

விசில். முதல் வளைவு வரை நான் யாருடைய பிள்ளையும் இல்லை. காற்றும் மண்ணும் பெட்ரோல் வாசமும் கலந்த ஏதோ ஒன்று. இரண்டாம் வளைவில் எனக்கு முன்னால் போனவன் சறுக்கிக் குறுக்கே விழுந்தான். பிரேக் பிடித்தேன். நின்றேன். கால் ஊன்றினேன். அங்கே பூமி இல்லை.

வெட்டின மரம்போல, மிகவும் நிதானமாக, எல்லாரும் பார்க்கும்படியாகச் சாய்ந்தேன். அவன் எழுந்து போய்விட்டான். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேற்றை வாரி என்மேல் இறைத்துவிட்டுக் கடந்தார்கள். ஓட்டம் முடிந்தது. இந்த முறை பார்ப்பதற்கு ஆள் இருந்தது. ஊரே இருந்தது.

அம்மா காட்டுக்குள் இறங்கி வந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப எந்திரி. அப்பாகிட்டப் போ."

வண்டியை நிமிர்த்தினாள். சேலையைச் செருகினாள். நான் குறுக்கே நடந்து கயிற்றோரம் அப்பாவிடம் வந்து நின்றேன். ஏழெட்டுத் தப்படிதான் தூரம். "தள்ளிட்டு வா, இப்பிடிக் குறுக்க வா" என்று அப்பா கை காட்டினார். அம்மாவின் காதில் விழவில்லை. ஒரே உதையில் வண்டி உயிர்பெற்றது. அவள் எங்கள் பக்கம் திரும்பாமல் கயிறு போன வழியே போனாள். மூன்றாம் வளைவுக்கு முன்னால் ஒரு மண்மேடு. போட்டிக்காரர்கள் எல்லாரும் வேகம் குறைத்த இடம். அவள் குறைக்கவில்லை. இரண்டு சக்கரமும் மண்ணை விட்டன. சேலைத் தலைப்பு இடுப்புச் செருகலிலிருந்து பிய்ந்து பின்னால் பறந்தது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூட மறந்து நின்றது.

எனக்கு மானம் போனது. நான் விழுந்தது பத்தாதென்று இதுவேறு. ஒரு சுற்று முடிந்து எங்களுக்கு நேரே வந்தாள். நிற்பாள் என்று நான் கையை நீட்டினேன். மறுபடி முதல் வளைவை நோக்கிப் போய்விட்டாள்.

"அம்மாவுக்கு வெளிய வர வழி தெரியலப்பா" என்றேன்.

அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலே தெரிவதற்காக நுனிக்காலில் எம்பி நின்றிருந்தார்.

"பேசாம இருடா" என்றார்.